வாசலில் விட்டுவந்த செருப்பு

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். போன மாதம் கோயமுத்தூர் கணபதியில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பெற்றவர்கள் கூடுகிற கூட்டத்துக்கு நஸ்ரீன் டீச்சர் என்னைக் கூட்டிப்போனாள். "நடந்ததைச் சொல்லுங்கம்மா, மத்தவங்களுக்கு ஆகும்" என்றாள். எழுந்து நின்றேன். பெயரைச் சொன்னேன். உட்கார்ந்துகொண்டேன். "சரி, எழுதியாச்சும் குடுங்க" என்று ஒரு நோட்டைக் கையில் திணித்துவிட்டாள். இப்போது வலி கொஞ்சம் அடங்கியிருக்கிறது, கை வீக்கமும் வற்றியிருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் ராமாத்தாள். சூலூர் பக்கம் வீடு. பக்கத்துத் தறிப்பட்டறையில் தார் சுற்றுகிற வேலை. தார் என்றால், தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் கட்டை, நூல் சுற்றினது. நூல் தீர்ந்த கட்டைகளில் ஒட்டியிருக்கிற மிச்ச நூலை உரித்து, கட்டைகளைப் பெட்டியில் அடுக்குவது என் மகன் மணியான். வயது முப்பத்துநாலு. அவங்கப்பா நெஞ்சுவலியில் போய்ப் பதினொரு வருசமாகிறது. மூத்தவள் தனம், காங்கேயத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளை எண்ணெய் மில்லில் வேலை.

மணியான் பேசமாட்டான். ஆறு வயது வரைக்கும் பேசிவிடுவான் பேசிவிடுவான் என்று கோயில் கோயிலாகத் தூக்கிக்கொண்டு போனோம். பதினோரு வயதில்தான் கோயமுத்தூரில் ஒரு டாக்டர் ஆட்டிசம் என்று சொன்னார். "இது காய்ச்சல் மாதிரி வந்து போறதில்லீங்க. அவன் காதுல விழறது, கண்ணுல படறது எல்லாம் நம்மளுக்குப் படற மாதிரி அவனுக்குப் படாது. அதுக்குத் தகுந்த மாதிரி நீங்கதான் வீட்டை மாத்திக்கணும்" என்றார். எப்படி மாற்றுவது என்று கேட்டிருக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம் நானாகத் தடவித் தடவித் தெரிந்துகொண்டதுதான் எல்லாம். இருபது தறி ஓடுகிற சத்தத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பான். குக்கர் விசில் ஒன்று அடித்தால் கையைக் கடித்துக்கொள்வான். தறிச் சத்தம் ஒரே மாதிரி ஓடும், விசில் எப்போது வரும் என்று தெரியாது, அதுதான் காரணம் என்று புரிய எனக்கு மூணு வருசம் ஆனது. மதியத்துக்கு அரிசிம்பருப்புச் சோறு, நான் பிசைந்து வைக்க வேண்டும். தயிர் தனிக் கிண்ணத்தில், சோற்றின் மேல் படக்கூடாது. வேறு யார் பிசைந்து வைத்தாலும் தட்டைத் தள்ளிவிடுவான். வேலை முடிந்தது என்பதற்கு நான் இரண்டு கையையும் விரித்து ஒருமுறை தட்டிக் காட்டுவேன். அதைப் பார்த்தால் எழுந்துவிடுவான்.

அவனாகக் கண்டுபிடித்தது ஒன்று உண்டு. என் செருப்பு. வாசலில் செருப்புக் கிடந்தால் அம்மா வீட்டுக்குள் இருக்கிறாள். செருப்பு இல்லையென்றால் வெளியே போயிருக்கிறாள், செருப்போடு திரும்பி வருவாள். நான் கடைக்குப் போனால் அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஆனால் ஒரு மணி நேரம்தான். அதைத் தாண்டினால் தலையைச் சுவரில் மோத ஆரம்பித்துவிடுவான். அதனால் முப்பது வருசமாக ஒறம்பரை, சொந்தபந்தம் என்று எந்த வீட்டுக் கல்யாணத்துக்கும் நான் பந்திக்கு இருந்ததில்லை. மொய் எழுதிவிட்டு ஓடிவந்துவிடுவேன்.

போன வருசம் தை மாதம் குளிக்கும்போது வலது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. நெல்லிக்காய் அளவு. வலி இல்லை. வலி இல்லாதது நல்லது என்று நினைத்தேன். அது தப்பு. இதைப் படிக்கிற பொம்பளைகள் இந்த ஒரு வரியையாவது மனதில் வையுங்கள். வலிக்காத கட்டியைத்தான் உடனே காட்ட வேண்டுமாம்.

நான் காட்டவில்லை. ஆம்பிளை டாக்டர் முன்னால் ரவிக்கையை அவிழ்ப்பதா என்ற கூச்சம் பாதி. ஆஸ்பத்திரியில் படுக்கச் சொன்னால் மணியானை யார் பார்ப்பது என்ற பயம் பாதி. ஏழு மாதம் முந்தானைக்குள் மூடிவைத்தேன். ஆவணியில் தனம் வந்தபோது ரவிக்கையில் ஈரக்கறையைப் பார்த்துவிட்டாள்.

"என்னம்மா இது?"

"ஒண்ணுமில்ல அம்மணி, வேர்வை."

"வேர்வை ஒத்தப் பக்கம் மட்டும் வருமா? என்னைய என்ன கேணைன்னு நெனச்சியா?"

அடுத்த நாளே கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். மணியானை விட்டுவர ஆளில்லை, அவனும் கூட வந்தான்.

முதலில் மேமோகிராம். இரண்டு பலகைக்கு நடுவில் மார்பை வைத்து அழுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். வலிக்கும், ஆனால் நொடியில் முடிந்துவிடும். எடுத்தது ஒரு பொண்ணுதான். இதற்கா ஏழு மாதம் கூச்சப்பட்டோம் என்று இருந்தது. அடுத்தது பயாப்ஸி. மரத்துப்போக மருந்து போட்டு, தடித்த ஊசியால் கட்டியிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள்.

நான் உள்ளே இருந்தபோது வெளியே மணியான். அந்தக் கூடத்தில் டோக்கன் நம்பர் மாறும்போதெல்லாம் ஒரு மணி 'டிங்' என்று அடித்தது. எப்போது அடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. நான் வந்து பார்த்தால் தூணில் தலையை மோதிக்கொண்டிருக்கிறான். தனம் தன் உள்ளங்கையைத் தூணுக்கும் அவன் நெற்றிக்கும் நடுவில் கொடுத்து நிற்கிறாள். அவள் கை சிவந்துபோயிருந்தது. ஒரு அம்மா தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தாள். "இப்படிப்பட்டவங்களை எதுக்குங்க கூட்டிட்டு வர்றீங்க, கட்டி வைக்கறதில்லையா?" என்று ஒருவர் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தனம்தான், "உங்களை யாருங்க அவுத்து விட்டது?" என்று கேட்டாள்.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. புற்று. மார்பை முழுசாக எடுக்க வேண்டும், அக்குளில் இருக்கிற நெறிக்கட்டிகளையும் எடுக்க வேண்டும் என்றார்கள். அப்புறம் கீமோ, அதாவது புற்றை அழிக்கிற மருந்தைச் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றுவது, ஆறு தடவை. அரசாங்கக் காப்பீட்டு அட்டை இருந்ததால் செலவைப் பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை. என் பயமெல்லாம் வேறு.

அன்றைக்கு மாப்பிள்ளை சூலூருக்கு வந்தார். நல்ல மனுசன், சத்தமாகப் பேசாதவர். "அத்தை, தப்பா நெனைக்காதீங்க. தனம் பத்து நாள் இங்க இருந்து பாக்கட்டும். அவ கையில அவன் சாப்புட்டான்னா, பின்னால ஒரு காலத்துல நம்ம ஊட்டுக்கே கூட்டிட்டுப் போயிறலாம். சாப்புடலீன்னா, விடுதில சேக்கறதத் தவிர வழியில்லீங்க" என்றார். எனக்குப் பிறகு மணியான் எங்கே இருப்பான் என்ற கேள்வியை முதல்முறையாக ஒருவர் வாயால் கேட்டேன். அந்த விடுதிகளை நான் பார்த்ததில்லை. ஆனால் அங்கே தயிரைத் தனிக் கிண்ணத்தில் யார் ஊற்றுவார்கள்?

இனி நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும்.

அறுவைக்கு முதல் நாள் காலை. அழுகிற பிள்ளையிடம் சொல்லாமல் கொல்லைப்பக்கமாக நழுவிப் போவது எங்கள் பக்கத்தில் எல்லாத் தாய்மாரும் செய்வதுதான். எங்கம்மா என்னிடம் செய்தாள், நான் தனத்திடம் செய்தேன். தனம் முந்தின நாளே வந்துவிட்டாள். மணியான் பட்டறையில் கட்டை உரித்துக்கொண்டிருந்தான். நான் இன்னும் கெட்டிக்காரத்தனமாக ஒன்று செய்தேன். செருப்பை வாசலிலேயே விட்டேன். செருப்பைப் பார்த்தால் அம்மா உள்ளே இருக்கிறாள் என்று அமைதியாக இருப்பான், அதற்குள் பத்து நாள் ஓடிவிடும் என்று கணக்குப் போட்டேன். வெறுங்காலோடு சந்து வழியாக நடந்து பஸ் ஏறினேன். தார் ரோட்டுச் சூடு இன்னும் உள்ளங்காலில் இருக்கிறது.

"செருப்பு எங்கம்மா?" என்று நர்சுப் பொண்ணு கேட்டது.

"அறுந்துபோச்சுங்க" என்றேன்.

அறுவை முடிந்து கண் விழித்தபோது வலது பக்கம் பட்டையாகக் கட்டு. விலாவிலிருந்து ஒரு குழாய் வெளியே வந்து சின்ன டப்பாவில் முடிந்தது. உள்ளே ஊறுகிற நீர் அதில் வடியும். தினமும் அளந்து எழுதுவார்கள். அளவு குறைந்தால்தான் குழாயை எடுப்பார்கள். பக்கத்துக் கட்டிலில் கோட்டைமேட்டு ஜமீலாக்கா. அவருக்கும் அதே அறுவை, இடது பக்கம். வெறுங்காலோடு நான் கக்கூசுக்குப் போவதைப் பார்த்துத் தன் ரப்பர் செருப்பைத் தள்ளிவிட்டார்.

"போட்டுக்க. உனக்கு வலது போச்சு, எனக்கு இடது போச்சு. ரெண்டு பேரையும் சேத்துத் தெச்சா ஒரு பொம்பளை தேறுவா."

தையல் வலிக்க வலிக்கச் சிரித்தேன். அதற்குப் பிறகு ரொம்ப நாள் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை தனம் போன் செய்தாள். முதல் இரண்டு நாளும் "நல்லா இருக்கறான்" என்று மறைத்திருக்கிறாள்.

"அம்மா, அவன் மூணு நாளாச் சோறு திங்கலை. தண்ணி மட்டுந்தான். ஊட்டையே பொரட்டிப் போட்டுட்டான். பீரோவ ஒடச்சுப் பாத்துட்டான், கட்டலக் கவுத்துப் பாத்துட்டான், மொட்டை மாடித் தொட்டி மூடியத் தொறந்து உள்ள எட்டிப் பாக்கறான். நான் புடிச்சு இழுத்தேன், தள்ளி உட்டுட்டான். உன்ற செருப்பக் கையில வெச்சுட்டே தேடறாம்மா. எடுத்துட்டுப் போறான், பாக்கறான், மறுக்கா வந்து வாசல்ல வெக்கறான். எனக்குப் பயமா இருக்குது."

போனை வைத்தபின்தான் எனக்குப் புரிந்தது. செருப்பு இருக்கிறது, அம்மா உள்ளேதான் இருக்க வேண்டும். அவன் அறிந்ததில் பிசகில்லை. அதனால்தான் தொட்டிக்குள் எல்லாம் தேடுகிறான். நான் வெறுமனே செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பியிருந்தால் ஒரு மணி நேரம் பார்த்து, பிறகு அழுதிருப்பான். இப்போது இல்லாத என்னை வீட்டுக்குள்ளேயே தேடவைத்துவிட்டேன்.

ஜமீலாக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "என்ற மக இந்த மாதிரிப் புள்ளைக பள்ளிக்கூடத்துலதான் டீச்சரு. வரச் சொல்றேன் இரு" என்றார்.

மதியம் நஸ்ரீன் வந்தாள். அம்மாவுக்குக் கஞ்சியைக் கொடுத்துவிட்டு என் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"அவர்கிட்டச் சொல்லிட்டு வந்தீங்களாம்மா?"

"இல்லீங்க."

செருப்பு விசயத்தையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"அவருக்கு வார்த்தை கிடையாது. செருப்பத்தான் நம்பிட்டு இருந்தாரு. இப்ப அது பொய் சொல்லிருச்சு. மறுபடி நம்ப வெக்கறதுதான் மொத வேலை. திட்டக்கூடாது, அடக்கக்கூடாது, கட்டிப் போடவே கூடாது. அவர் ஒடைக்கறது திமிருல இல்லீங்க, தேடறாரு."

அவள் சொன்ன யோசனை எனக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. மணியான் கண் முன்னாலேயே தனம் செருப்பைப் பைக்குள் போட வேண்டும். அவனையும் பையையும் கூட்டிக்கொண்டு இங்கே வர வேண்டும். செருப்பு போகிற இடத்தில் அம்மா இருக்கிறாள் என்று அவன் கண்ணால் பார்க்க வேண்டும். வார்டுக்குள் வேண்டாம், மணிச் சத்தம் இருக்கிறது. பின்பக்கம் வேப்பமரத்தடிக்கு நான் இறங்கிவர வேண்டும். "வர்ற வழில காதுக்குப் போட என்னோட பள்ளிக்கூடத்துக் காதடைப்பு ஒண்ணு குடுத்து விடறேன்" என்றாள். தனத்துக்குப் போன் போட்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். குறைவாகப் பேசு. அதட்டாதே. பஸ் படத்தையும் அம்மா போட்டோவையும் காட்டு. அவன் அடித்தால் திருப்பி இழுக்காதே, பக்கத்தில் இருக்கிற சாமானை எடுத்துவிட்டுத் தள்ளி நில், அந்த வேகம் இறங்கட்டும்.

அடுத்த நாள் பதினோரு மணிக்கு வந்தார்கள். டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு நான் மரத்தடியில் நின்றேன், பக்கத்தில் நஸ்ரீன். மணியானுக்கு நெற்றியில் இரண்டு இடத்தில் தோல் பிய்ந்திருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தான். தனத்தின் கையில் பல் பதிந்த தடம். என்னைப் பார்த்ததும் அவன் ஓடிவரவில்லை, அழவில்லை. பையிலிருந்து செருப்பை எடுத்துத் தரையில் வைத்தான். ஜமீலாக்காவின் செருப்பை என் காலிலிருந்து கழற்றினான். என் காலைத் தூக்கி அந்தச் செருப்புக்குள் வைத்தான். பிறகு அடுத்த காலை. அப்புறம் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அப்போது அவன் குழாயைப் பார்த்தான். நூல் போலத் தெரிந்ததோ என்னவோ, கட்டையிலிருந்து உரிப்பது போலப் பிடித்து இழுக்கப் போனான். தனம் "டேய்!" என்று கத்தப் போக, நஸ்ரீன் அவள் தோளைத் தொட்டு நிறுத்தினாள். யாரும் அசையவில்லை. குழாய் விலாவில் சுருக்கென்று இழுத்தது. நஸ்ரீன் மெதுவாக, "முடிஞ்சுதுன்னு எப்படிக் காட்டுவீங்க?" என்றாள். வலது கை தூக்க வராது. பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினேன். இரண்டு கையையும் விரித்து ஒரு தட்டு. விட்டுவிட்டான்.

தனம் சோறு கொண்டுவந்திருந்தாள். எனக்குப் பிசையக் கை வராது. "தனம் பிசையட்டும், நீங்க தட்டை மட்டும் புடிங்க" என்றாள் நஸ்ரீன். தனத்தின் கை தட்டுக்குள் போனதும் மணியான் எழுந்தான். என் இடது கை தட்டில் இருப்பதைப் பார்த்தான். நின்றான். மறுபடி உட்கார்ந்தான். நாலு வாய் சாப்பிட்டான். ஐந்தாவது வாய் துப்பிவிட்டான். நஸ்ரீன் அதற்கே முகம் மலர்ந்து, அவனுக்குப் பிடித்த நூல்கண்டு ஒன்றை உடனே கையில் கொடுத்தாள். "நாலு வாய் சாப்புட்டாரு பாருங்க. துப்புனதைப் பத்தி யாரும் வாயத் தொறக்கக் கூடாது."

அவனைத் திரும்பக் கூட்டிப்போவதுதான் கஷ்டம் என்று பயந்தோம். அதற்கும் வழி சொன்னாள். தனம் பட்டறையிலிருந்து காலிக் கட்டைகள் கொண்டுவந்திருந்தாள். ஒரு டப்பாவில் ஆறு கட்டை. தினம் பொழுதோடு ஒரு கட்டையை எடுத்து இன்னொரு டப்பாவில் போட வேண்டும். இந்த டப்பா காலியானால் அம்மா செருப்போடு வாசலுக்கு வருவாள். அவன் முன்னால் நஸ்ரீன் மூன்று தடவை போட்டுக் காட்டினாள். அதற்கு முன்பே டாக்டரிடம் போய், "அஞ்சா ஆறா, எண்ணிச் சொல்லுங்க சார், ஒரு நாள் தவறுனாலும் மறுபடி பொய்யாயிரும்" என்று கேட்டுவந்திருந்தாள். எனக்கென்றால் அவ்வளவு கேட்க வாய் வந்திருக்காது.

போகும்போது மணியான் செருப்பைப் பார்த்தான். அது என் காலில் இருந்தது. டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனான்.

கட்டைக் கணக்கில் ஆறாம் நாள் காலை டாக்டர் என் குழாய் டப்பாவைப் பார்த்துவிட்டு, "இன்னும் நீர் குறையலையே, ரெண்டு நாள் இருங்க" என்றார். நான் எப்போதும் போல "சரிங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். எனக்குக் கண்ணில் மணியானின் காலி டப்பாதான் தெரிந்தது. இறங்கி நடந்து அவர் பின்னாலேயே போனேன்.

"ஏனுங்க டாக்டர்."

திரும்பினார். வார்டே பார்த்தது.

"நான் இன்னைக்குப் போகோணுங்க. என்ற பையங்கிட்ட ஆறுன்னு சொல்லியிருக்கறேன். குழாயோட போறனுங்க. அளந்து எழுதறது எப்படின்னு காட்டிக் குடுங்க, நானே எழுதிக்கறேன்."

அறுபத்தஞ்சு வயதில் ஒரு டாக்டரிடம் நான் பேசிய முதல் நீளமான பேச்சு அது. அவர் ஜமீலாக்காவைப் பார்த்தார். ஜமீலாக்கா, "உடுங்க சாமி, வாயத் தொறந்துட்டா, இனி மூட மாட்டா" என்றார். எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மூன்றாம் நாள் வந்து காட்டச் சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினபோது உள்ளே மணியான் கடைசிக் கட்டையைக் கையில் வைத்திருந்தான். செருப்பைப் பார்த்தான். கட்டையை டப்பாவில் போட்டான். அவ்வளவுதான். பட்டறைக்குப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை எல்லாம் எழுத நோட்டுப் போதாது. கீமோ ஏற்றின நாலாம் நாள் வாயெல்லாம் புண், எச்சில் விழுங்க முடியாது. முடி கொட்டும் என்று முன்னாலேயே சொன்னார்கள். என் சடை நுனியைக் கன்னத்தில் தேய்த்துக்கொள்ளுவது மணியானுக்குச் சின்ன வயதுப் பழக்கம். திடீரென்று மொட்டையாக வந்து நின்றால் தாங்கமாட்டான் என்று, கொட்டுமுன்னே அவன் முன்னால் உட்கார்ந்து தனத்தை வெட்டச் சொன்னேன். முதலில் தோள் வரை, மறுவாரம் காது வரை, பிறகு மொட்டை. வெட்டின சடையை ரிப்பன் கட்டி அவனிடம் கொடுத்தோம். வெட்டும்போது தனம் சொன்னாள்:

"எனக்கு நீ தலை சீவி உட்ட ஞாபகமே இல்லம்மா. பள்ளிக்கூடத்துல இருந்து வந்தா ஊடு பூட்டியிருக்கும். அவனைத் தூக்கிட்டு எந்தக் கோயிலுக்குப் போயிருப்பியோ. ஒரு நாளாவது சொல்லிட்டுப் போனியா?"

அவள் கத்தரிக்கோல் நிற்கவில்லை. காதுப் பக்கம் வந்தபோது மட்டும் விரலால் காதை மடித்துப் பிடித்து, பத்திரமாக வெட்டினாள்.

சோற்று விசயம் மெல்ல மெல்ல நகர்ந்தது. முதல் வாரம் தனம் பிசைய நான் தட்டைப் பிடித்தேன். அடுத்து, தட்டை விட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். அடுத்து, கதவோரம். பின்னே அடுத்த அறை. ஒரு படி ஏறினால் இரண்டு படி இறங்கின நாளும் உண்டு. குழம்பில் கடுகு கூடினதற்குத் தட்டு பறந்த நாளும் உண்டு. நஸ்ரீன் சொன்னபடி ஒரு நோட்டில் எழுதிவந்தோம். கோபம் வருமுன் என்ன நடந்தது, வந்தபோது என்ன செய்தான், அப்புறம் நாங்கள் என்ன செய்தோம். இரண்டு மாதம் எழுதினதில் ஒன்று தெரிந்தது. அவன் கடித்த நாளில் முக்கால்வாசி, நாங்கள் சொல்லாமல் எதையோ மாற்றின நாள். முப்பது வருசம் அந்த நோட்டு என் கையில் இல்லாமல் போனதே என்று பல தடவை நினைத்துக்கொண்டேன்.

ஆறாவது கீமோ முடிந்த மாதம் இடுப்பில் வலி வந்தது. இந்தத் தடவை மறைக்கவில்லை. நரம்பில் ஒரு மருந்தை ஏற்றி, உடம்பு எலும்பையெல்லாம் படம் பிடித்தார்கள். புற்று முதுகெலும்புக்குப் போயிருந்தது. இனி அறுவை இல்லை, மாத்திரையும் ஊசியும் கொடுத்து அடக்கிவைக்கலாம், ஒழிக்க முடியாது என்றார் டாக்டர். தனம் அழுதுகொண்டு வெளியே போய்விட்டாள்.

"எத்தனை நாளுங்க?" என்றேன்.

"அப்படி நாள் கணக்குச் சொல்ல முடியாதுங்கம்மா."

"சும்மா கேக்கலீங்க. டப்பாவுல எத்தனை கட்டை போடறதுன்னு தெரியோணுங்க."

அவருக்கு அது புரிந்திருக்காது.

நஸ்ரீனிடம் கேட்டேன். ஜமீலாக்கா கண்ணை மூடி அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. "திரும்பி வராத நாளுக்குக் கட்டை போடக்கூடாதும்மா" என்றாள்.

வீட்டுக்கு வந்து தனத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

"அம்மணி, நான் போயிட்டா என்ற செருப்ப அன்னைக்கே எடுத்துரு. ஞாபகத்துக்குன்னு வாசல்ல வெக்காத. ஊட்டுல எங்கயும் வெக்காத. ஒளிச்சும் வெக்காத. அவன் பாக்கறப்ப எடுத்துட்டுப் போ."

"பேசாம இரும்மா."

"இல்ல கண்ணு, கேட்டுக்க. என்னைய எடுத்துட்டுப் போறதையும் அவன் பாக்கட்டும். தாங்க மாட்டான்னு யாராச்சும் ரூமுக்குள்ள பூட்டச் சொல்லுவாங்க. பூட்டாத. மறுக்கா ஒருதடவ அவன் தொட்டிக்குள்ள எல்லாம் என்னைத் தேடக்கூடாது."

"அவனுக்கு எல்லாம் சொல்லிட்டுப் போற. இந்தத் தடவ எனக்கும் சொல்லிட்டியே" என்றாள் தனம். கோபமா என்ன என்று எனக்குத் தெரியவில்லை. என் மொட்டைத் தலையில் கையை வைத்தாள். எடுக்கவே இல்லை.

போன வாரம் மணியானைக் காங்கேயத்துக்குக் கூட்டிப்போனோம், தனத்தின் வீட்டில் பத்து நாள் பழக. பஸ் படம், வீட்டுப் படம், அவன் படுக்கிற இடத்தின் படம், எல்லாம் ஒரு மாதமாகக் காட்டிவைத்திருந்தோம். மாப்பிள்ளை குக்கரைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டார். "இனி சட்டிச் சோறுதானுங்க அத்தை, அதுவும் ருசிதான்" என்றார். இரண்டு நாள் நான் கூட இருந்தேன். மூன்றாம் நாள் கிளம்ப வேண்டும்.

மதியம். தனம் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். தயிர் தனிக் கிண்ணத்தில். நான் டப்பாவைத் திறந்து பத்துக் கட்டையை அவன் முன்னால் ஒவ்வொன்றாக அடுக்கினேன். அவன் எண்ணுவதில்லை, ஆனால் ஒவ்வொன்றையும் தொட்டான். பிறகு எழுந்து வாசலுக்குப் போனான். திரும்பி வரும்போது கையில் என் செருப்பு. என் காலடியில் வைத்தான். நான் இடுப்பு வலியில் சட்டென்று எழ முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அவன் என் பாதத்தைத் தூக்கி உள்ளே வைத்தான், மரத்தடியில் செய்தது போலவே. பிறகு இரண்டு கையையும் விரித்து ஒரு தட்டு தட்டினான்.

என்னிடம் அவன் அதைச் செய்தது அதுதான் முதல் தடவை.

அப்புறம் போய்த் தனத்தின் முன்னால் உட்கார்ந்து தட்டை இழுத்துக்கொண்டான். நான் எழுந்து வாசல் தாண்டினேன். தெருமுனை வரைக்கும் மூன்று தடவை திரும்பிப் பார்த்தேன். கதவு திறந்துதான் இருந்தது. குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் ஒரு தடவையும் பார்க்கவில்லை.

பஸ் வந்தது. செருப்போடு ஏறினேன்.